வலிப்பின் ஊற்றுக்கண்ணைத் தேடி: சத்திரசிகிச்சைக்கு வழிகாட்டிய மூளைப் படங்களின் வரலாறு

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் பிள்ளைக்கு வலிப்பு வந்தால் முதலில் தேடப்படுவது சாவிக்கொத்துத்தான். இரும்பைக் கையில் திணிக்கும் பதற்றத்தில், எந்தக் கை முதலில் இழுத்தது, வாய் எந்தப் பக்கம் கோணியது என்று எவரும் கவனிப்பதில்லை. வைத்தியருக்கு வேண்டியதோ அந்த விவரம். வலிப்புக்கான சத்திரசிகிச்சையின் வரலாறு ‘எங்கே தொடங்கியது?’ என்ற கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது. அதற்குரிய விடை வலிப்பு நிகழும் கணத்திலேயே அடங்கியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பெருவிரலில் தொடங்கிக் கைக்கும் முகத்துக்கும் ஏறும் இழுப்பின் வரிசையைக் கொண்டு, மூளையில் அதன் பிறப்பிடத்தைக் கணித்தவர் லண்டன் வைத்தியர் ஹியூலிங்ஸ் ஜாக்சன். அந்தக் கணிப்பு முறையின் துணையோடு 1886இல் விக்டர் ஹோர்ஸ்லி மண்டையோட்டைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார். வலிப்பின்போது மூளையில் இரத்தவோட்டம் பெருகுவதையும் அவர் கண்டு எழுதினார். பின்னாளைய படமெடுப்புக்கு அதுவே வித்து.

1929இல் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைப் பதிவை (ஈ.ஈ.ஜி.) வெளியிட்டார். மொன்றியலில் வைல்டர் பென்ஃபீல்ட் வலிப்புச் சத்திரசிகிச்சையை வளர்த்தார். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கி, 1952இல் அங்கே வலிப்புக்கான சத்திரசிகிச்சையைச் செய்தார்.

பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. வலிப்புக்குக் காரணமான மூளைத் தழும்பைக் காட்டியது. ஆனால் தழும்பே தெரியாதவர்களும், பல தழும்புகள் உள்ளவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக 1980களின் பிற்பகுதியில் ‘ஸ்பெக்ட்’ படமெடுப்பு கைகொடுத்தது. கதிரியக்க டெக்னீசியம் கலந்த மருந்தை நாளத்தில் ஏற்றினால், இரத்தம் அதிகம் பாயும் இடத்தில் அது ஒரு நிமிடத்துக்குள் மூளையில் படிந்து, அங்கேயே தங்கிவிடும். வலிப்பு அடங்கி ஓரிரு மணித்தியாலம் கழித்துப் படமெடுத்தாலும், தெரிவது வலிப்பின் கணமே. 1989இல் மெல்பர்னில் ரோவ், பெர்கோவிக் குழுவினர் வலிப்பு முடிந்த உடனே மருந்தேற்றி ஆய்வு வெளியிட்டனர். வலிப்பில்லாத நேரத்துப் படத்தை வலிப்பு நேரத்துப் படத்திலிருந்து கழித்து, எஞ்சியதை எம்.ஆர்.ஐ. மீது பொருத்தும் முறையை மேயோ கிளினிக்கின் ஓ’பிரையன் குழு 1998இல் விவரித்தது.

இதன் வெற்றி கட்டிலருகே இருப்பவரின் கையில் இருக்கிறது. ஈயக் கவசமிட்ட ஊசியோடு தாதி காத்திருக்க வேண்டும். மருந்தின் கதிர்வீச்சு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பாதியாகும். முன்மடல் வலிப்போ சில வேளைகளில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஊசி பிந்தினால், வலிப்பு பரவிய இடம் ஒளிரும். பிறந்த இடம் மறைந்துவிடும். ஆகவே வீடியோ ஈ.ஈ.ஜி.யோடு ஒப்பிடாமல் இந்தப் படத்தை மட்டும் நம்பிக் கத்தி எடுப்பது தகாது.

இடம் சரியாகத் தெரிந்தால் பயன் பெரிது. பொட்டுமடல் வலிப்பில் மருந்துக்குக் கட்டுப்படாத 80 பேரைக் கொண்டு கனடாவில் நடந்து 2001இல் வெளியான ஆய்வில், ஓராண்டின் பின் நினைவு தப்பும் வலிப்பு இல்லாதிருந்தோர் சத்திரசிகிச்சைக்கெனத் தெரிவானோரில் 58 வீதம். மருந்து மட்டும் பெற்றோரில் 8 வீதம். 2017இல் வெளியான டெல்லி எய்ம்ஸ் ஆய்வில் 116 பிள்ளைகளிடையே ஓராண்டின் பின் வலிப்பு இல்லாதிருந்தோர் முறையே 77 வீதமும் 7 வீதமும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையம் 1995 முதல் இச்சிகிச்சையைச் செய்துவருகிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் இன்று வலிப்புக்கெனத் தனி நிலையம் உண்டு.

ஜாக்சனின் காலத்தில் வீட்டார் சொன்ன விவரமே வைத்தியருக்கு முதற்சான்று. இன்றும் அப்படியே. பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்திவிட்டு, சாவிக்கொத்தைத் தேடும் கை கைத்தொலைபேசியில் அந்த ஒரு நிமிடத்தைப் பதிவு செய்யட்டும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வெட்கத்துக்கு அஞ்சி மூடப்படும் அறைக்கதவுக்குள்தான் முதற்படம் இருக்கிறது.