கதவைத் திறந்தவர்கள்: முதல் பெண் பொறியாளர்கள் விட்டுச்சென்ற பாடம்

பென்னாகரத்திலிருந்து மலைப்பாதை வழியே ஒகேனக்கல்லுக்கு இறங்கி வருவோரை முதலில் எதிர்கொள்வது நீரின் ஓசை. அடுத்துக் கண்ணில் படுவது கரும்பாறைகளின் மேலெழும் நீர்ப்புகை. 'புகையும் கல்' என்னும் பொருள்தரும் கன்னடச் சொல்லால் இவ்வூர் பெயர் பெற்றதற்கு அப்புகையே காரணமாயிற்று. அருவியைக் கண்டு கவிஞன் வியக்கிறான். பொறியாளனோ விழும் நீரின் அளவையும் விழுகின்ற உயரத்தையும் கணக்கிட்டு, அதில் எவ்வளவு ஆற்றல் உறங்குகிறது என்று பார்க்கிறான்.

காவிரியைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு நூறாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஒகேனக்கல்லுக்கு மேலே, மைசூர் நாட்டுச் சிவசமுத்திரத்தில், 1902-ஆம் ஆண்டிலேயே அருவிநீரிலிருந்து மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினர். ஒகேனக்கல்லுக்குக் கீழே மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றது. இவ்விரு பெரும்பணிகளுக்கும் இடைப்பட்ட ஆற்றின் கரையில் இருப்பது இவ்வூர். அக்காலக் கட்டுமானப் பணிகளில் பெண்கள் இல்லாமலில்லை. மண் சுமந்தனர், கல் சுமந்தனர். ஆனால் வரைபட மேசையின் முன் அமர்ந்து, எந்தக் கல் எங்கே அமைய வேண்டும் என்று முடிவு செய்த பெண் ஒருத்தியும் அன்று இந்த நாட்டில் இல்லை.

மேட்டூர் அணை நிறைவுற்று ஆறாண்டுகள் கழித்து, 1940-இல், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அந்நிலை மாறத் தொடங்கியது. அம்மாற்றத்தைக் கொணர்ந்தவர்களின் வரலாற்றை 'துணிவு' என்னும் ஒரே சொல்லால் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். துணிவு இருந்தது, ஐயமில்லை. ஆயினும் அத்துணிவு எவற்றின் துணைகொண்டு நிலைத்தது என்பதை ஆராய்ந்தால்தான், பின்வருவோர்க்குப் பயன்படும் பாடம் அவ்வரலாற்றிலிருந்து கிடைக்கும்.

மருத்துவத்தின் கதவும் பொறியியலின் கதவும்

பெண்களுக்கு உயர்தொழிற்கல்வி தருவதில் சென்னை பின்தங்கிய நகரமன்று. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சேர்க்கப்பட்டனர். புதுக்கோட்டையிற் பிறந்த முத்துலட்சுமி அம்மையார் அக்கல்லூரியில் 1907-இல் சேர்ந்து 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டமன்றத்திலும் அடையாற்றிலும் அவர் ஆற்றிய தொண்டு நாடறிந்தது. 1914-இல் தொடங்கப்பெற்று, பிற்காலத்தில் இராணி மேரி கல்லூரி என்று பெயர்பெற்ற மகளிர் கல்லூரியும் பெண்களின் பட்டப்படிப்புக்கு வழிவகுத்தது.

ஆனால் மருத்துவத்தின் கதவு திறந்ததற்கு ஒரு தனிக்காரணம் இருந்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்ட நாணிய பெண்கள், மருத்துவம் இன்றியே மாண்டனர். ஆகவே, பெண்களுக்குப் பெண் மருத்துவர் வேண்டும் என்ற வாதம் பழமையில் ஊறியவர்களையும் இணங்கச் செய்தது. ஆசிரியப் பணிக்கும் அதே வாதம் பொருந்திற்று.

பொறியியலுக்கு அந்த வாதம் உதவவில்லை. பெண்களுக்கென்று தனிப்பாலம் கிடையாது. பெண்களுக்கென்று தனிமின்சாரம் கிடையாது. அத்துறையில் ஒரு பெண் நுழைய வேண்டுமானால், ஊர் முழுமைக்கும் பொதுவான ஒரு பணியைப் பெண்ணும் செய்ய வல்லவள் என்பதை மட்டுமே காரணமாகக் காட்ட முடியும். ஆகவேதான் மருத்துவக் கல்லூரியில் பெண்கள் காலடி வைத்த பிறகு, பொறியியல் கல்லூரியின் படியேற மேலும் அறுபத்தைந்து ஆண்டுகள் ஆயின.

பதினெட்டு வயதில் கைம்மை

ஏ. லலிதா 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் பிறந்தார். சென்னையில் வாழ்ந்த தெலுங்குக் குடும்பத்தில் ஏழு குழந்தைகளுள் ஐந்தாமவர். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகன்கள் பொறியியல் படித்தனர்; மகள்களுக்கு அடிப்படைக் கல்வியோடு திருமணம் என்பதே அக்குடும்பத்தின் வழக்கமாகவும் இருந்தது. லலிதாவுக்குப் பதினைந்தாம் வயதில் மணமாயிற்று. மணத்திற்குப் பிறகும் பள்ளியிறுதி வரை மகள் படிக்க வேண்டும் என்று தந்தையார் வற்புறுத்தியதொன்றே அன்று அவருக்குக் கிடைத்த சலுகை.

1937-இல் கணவர் மறைந்தார். அப்போது லலிதாவுக்கு வயது பதினெட்டு. கையில் நான்கு மாதப் பெண்குழந்தை. இளங்கைம்பெண் வீட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்று ஊர் விதித்திருந்த காலம் அது. லலிதா தந்தையின் இல்லம் திரும்பி, இராணி மேரி கல்லூரியில் இடைநிலை வகுப்பில் சேர்ந்து முதல் வகுப்பில் தேறினார்.

அடுத்து எத்துறை என்ற கேள்வி எழுந்தது. பெண்களுக்குப் பழகிய பாதை மருத்துவம். அதனை அவர் விரும்பவில்லை. நள்ளிரவிலும் அழைப்பு வரும் தொழில், சிறு குழந்தையைத் தனித்து வளர்க்கும் தாய்க்கு ஒவ்வாது என்று அவர் கருதினார். குறித்த நேரத்திற் சென்று குறித்த நேரத்தில் திரும்பக்கூடிய பணியே அவருக்குத் தேவைப்பட்டது. தந்தையும் உடன்பிறந்தாரும் பயின்ற பொறியியல் அவ்வகையில் பொருந்தி வந்தது. முன்னோடி என்ற பெயர் பெறவேண்டும் என்று அவர் புறப்படவில்லை. தம் வாழ்க்கையின் தேவைகளைக் கணக்கிட்டுத் தேர்ந்த துறையிலேதான் அப்பெயர் அவரைத் தேடி வந்தது.

துணைக்கு இருவர்

தந்தையார் தாம் பணிபுரிந்த கல்லூரியின் முதல்வர் கே.சி. சாக்கோவிடம் பேசினார். பொதுக்கல்வி இயக்குநர் ஆர்.எம். ஸ்டாதமின் ஒப்புதலும் கிடைத்தது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய அந்நிறுவனத்தின் நெடிய வரலாற்றில் முதல் மாணவி சேர்ந்தார்.

ஆண் மாணவர் நூற்றுக்கணக்கானோர், பெண் ஒருவரே. விடுதியில் அவருக்குத் தனி ஏற்பாடு. குழந்தை உறவினர் இல்லத்தில் வளர்ந்தது. வார இறுதிதோறும் லலிதா சென்று பார்த்து வந்தார். உடன்பயின்றோர் அவரைத் துன்புறுத்தவில்லை. எனினும் தனிமை வாட்டிற்று. பாடத்தைப் பேசவும் பகிரவும் பெண்துணை இல்லை.

இங்கேதான் இவ்வரலாற்றின் திருப்பம் நேர்கிறது. மகளின் தனிமையை உணர்ந்த தந்தையார், மற்றப் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுமாறு கல்லூரியைத் தூண்டினார். பெண்கள் விண்ணப்பிக்கலாம் என்று கல்லூரி விளம்பரம் செய்தது. கேரளத்தைச் சேர்ந்த லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா ஆகிய இருவர் கட்டுமானப் பொறியியல் பயில வந்தனர். ஒரு பேராசிரியரின் மகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு, அந்த விளம்பரத்தால் எல்லாப் பெண்களுக்கும் உரிய வாய்ப்பாயிற்று.

உலகப்போர்க் காலத்திற் படிப்பின் கால அளவு குறைக்கப்பட்டமையால், ஓராண்டு பின்னால் சேர்ந்த அவ்விருவரும் லலிதாவுடன் சேர்ந்தே தேறினர். பட்டச் சான்றிதழ்ப் படிவத்தில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. அதனை மையால் அடித்து 'அவள்' என்று திருத்தி வழங்கினர். படிவம் அச்சிட்டவர்க்குப் பெண்ணொருத்தி வருவாள் என்ற நினைவே இருந்ததில்லை.

பணியும் எல்லையும்

ஜமால்பூர் இரயில்வே பணிமனையில் ஓராண்டுப் பயிற்சி முடித்த லலிதா, 1944-இல் சிம்லாவில் இயங்கிய மத்தியத் தர நிர்ணய நிறுவனத்தில் பொறியியல் உதவியாளராகச் சேர்ந்தார். பின்னர் அப்பணியை விட்டுத் தந்தையாரின் ஆய்வுகளுக்குச் சிறிது காலம் துணைநின்றார். வருவாய்த் தேவை மீண்டும் வேலைக்குச் செலுத்தியது. 1948-இல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் அமர்ந்தார். கல்கத்தாவை அவர் ஏற்றதற்கு, உடன்பிறந்தார் ஒருவர் குடும்பத்துடன் அங்கிருந்தது முக்கியக் காரணம். தாய் அலுவலகத்தில் இருந்த வேளையில், மகள் அந்த வீட்டில் வளர்ந்தாள்.

மின்கடத்தித் தடங்களை வடிவமைப்பதும், துணைமின்நிலையங்களின் அமைப்பை வரைவதும் அவருடைய பணி. சட்லெஜ் ஆற்றின் குறுக்கே எழுந்து 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணையின் மின்னாக்கித் தொடர்பான வேலைகளிலும் அவர் பங்கு இருந்தது. ஆனால் கைம்பெண் தனியே ஊர் ஊராகச் சென்று பணித்தளங்களைப் பார்வையிடுவதை அன்றைய சமூகம் ஏற்கவில்லை. ஆகவே அவர் பணி பெரிதும் வடிவமைப்பு மேசையோடு நின்றது. ஆற்றின் ஆற்றலைத் தாளில் வரைந்து கணக்கிட்டவர், அந்த ஆற்றங்கரைக்குத் தம் விருப்பம்போற் செல்ல இயலவில்லை. முன்னோடிகளின் வெற்றியைப் பாடும்போது இக்குறையையும் சொல்லுதல் நேர்மை. ஒரு தடை நீங்கினால் எல்லாத் தடைகளும் நீங்கிவிடுவதில்லை.

இலண்டன் மின்பொறியாளர் கழகம் 1953-இல் அவரை இணை உறுப்பினராகவும், 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964-இல் நியூயார்க்கில் பெண் பொறியாளர், அறிவியலாளர்களின் முதல் உலக மாநாடு கூடியது. இந்தியாவில் அத்தகைய அமைப்பு அப்போது இல்லாததால், எந்த அமைப்பின் பிரதிநிதியாகவும் அன்றித் தனிப்பட்ட முறையிலேயே அவர் கலந்துகொண்டார். பிரிட்டனில் மகளிர் பொறியியல் சங்கம் தோன்றியது 1919-இல். லலிதா பிறந்த ஆண்டும் அதுவே. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் இந்தியப் பெண் பொறியாளர் தனித்தே நிற்க நேர்ந்ததை இவ்வொப்பீடு காட்டுகிறது. 1977-இல் பணி ஓய்வு பெற்ற லலிதா, 1979-இல் அறுபதாம் வயதில் மறைந்தார்.

அவரோடு படித்த திரேசியாவோ கேரளப் பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து, 1971-இல் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவியை ஏற்ற முதல் பெண் அவரே. சாலைகளும் பாலங்களும் அவர் பொறுப்பில் உருவாயின. முதலாமவர் எட்டாத களத்தை இரண்டாமவர் எட்டினார். முதலாமவரின் தனிமையைப் போக்க வெளியான விளம்பரம் நாட்டுக்கு ஒரு தலைமைப் பொறியாளரைத் தந்தது.

தருமபுரி மண்ணுக்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கவை மூன்று. முதலாவது, தொழிலைத் தேரும்போது வாழ்க்கையின் நிலைமையை மறைக்க வேண்டுவதில்லை. குழந்தையை எண்ணித் துறையைத் தேர்ந்ததால் லலிதாவின் திறமை குறைந்துவிடவில்லை. இரண்டாவது, ஒருவரின் தொழில் வாழ்க்கை அவருடைய உழைப்பால் மட்டும் அமைவதன்று. விதியில் இடமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பாத முதல்வர், ஒப்புதல் அளித்த அதிகாரி, குழந்தையை வளர்த்த உறவினர் ஆகிய அனைவரும் அந்தப் பட்டத்தின் பங்காளிகள். மூன்றாவது, முதலாமவராக நுழைவதைக் காட்டிலும் இரண்டாமவருக்கு இடம் செய்வதே நிலைத்த பணி.

இம்மூன்றும் இம்மாவட்டத்திற்கு மிகவும் வேண்டியவை. பெண்சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் விரிவுபடுத்தப்பட்டபோது தருமபுரியும் அதில் சேர்க்கப்பட வேண்டியதாயிற்று. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டு மாவட்டங்களுள் எழுத்தறிவில் தருமபுரி கடைசி இடத்தில் நின்றது. பெண் பிறப்பதே சுமையென்று கருதப்பட்ட மண்ணில், அவள் என்ன தொழில் புரிவாள் என்ற வினா எழுவதற்கே நெடுநாள் ஆயிற்று.

அந்த வினாவுக்கு விடைதரும் இரண்டு நிகழ்வுகள் 2013-ஆம் ஆண்டில் நேர்ந்தன. ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் பல்லும் எலும்பும் கெட்டு வருந்திய தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் அவ்வாண்டில் தொடங்கி வைக்கப்பெற்றது. தருமபுரி செட்டிக்கரையில் அரசு பொறியியல் கல்லூரியும் அவ்வாண்டிலேயே தொடங்கப்பெற்றது. குடத்துடன் நெடுந்தொலைவு நடந்த தாயின் மகள், அந்நீரை ஏற்றும் இயந்திரத்தின் இயக்கத்தைப் படிக்க வேறு மாவட்டம் செல்ல வேண்டிய தேவை நீங்கிற்று.

கல்லூரி இருப்பது ஒன்று. கடைசி ஆண்டுவரை மகள் அங்கே இருப்பது மற்றொன்று. இடையில் வரும் திருமணப் பேச்சும், விடுதிச் செலவும், 'பெண்ணுக்கு இந்தப் படிப்பு எதற்கு' என்ற அயலார் கேள்வியும் லலிதாவின் காலத்தோடு முடிந்துபோகவில்லை. அருவிக்கரையில் பயணிகளுக்கு மீன் சமைத்துக் கொடுத்துப் பிழைக்கும் தாய்மார் உண்டு. அவர்களுள் ஒருத்தி தன் மகளைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பினால், அவளுக்குத் தேவைப்படுவது புகழுரையன்று. வழியில் உடன்செல்ல ஊர்த்தோழி ஒருத்தி, வீட்டுவேலையைப் பகிர்ந்துகொள்ளும் கைகள், விண்ணப்பத்தில் தயங்காமல் கையொப்பமிடும் அதிகாரி ஆகிய இவையே அவளுக்கு வேண்டியவை. 1940-இல் கிண்டியில் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த துணையும் இதுவே. அது ஊர்தோறும் கிடைக்குமாயின், 'முதல் பெண்' என்ற அடைமொழிக்கு இனித் தேவை இராது.