கண்ணுக்கெட்டும் தூரம்

என்டர்பிரைஸ் நெட்வொர்க் என்றால் என்ன? ஒரு நிறுவனம் தன் கிளைகளையும் கணினிகளையும் தனக்குள்ளேயே இணைத்துக்கொள்ளும் வலை. எங்கள் ஐடி துறையில் இதைக் கேட்டால் ரவுட்டர், ஸ்விட்ச், சர்வர் என்று கட்டம் கட்டமாக ஒரு படம் போட்டுக் காட்டுவோம். அந்த வலை யாருக்காக என்பது மட்டும் படத்தில் இருக்காது. அதைப் புரிந்துகொள்ள நான் தேனிப் பக்கம் கை காட்டுவேன்.

டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1985இல் தேனியில் ஒரு கிளை வந்தது. ஆனாலும் சுற்றுவட்டார கிராமத்தில் ஒருவருக்குக் கண் மங்கினால் பஸ் காசு, அன்றைய கூலி, துணைக்கு வருபவரின் கூலி என மூன்று செலவு. 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவார்கள். கண்ணழுத்த நோய் அப்படிக் காத்திருக்காது. அதில் போன பார்வை போனதுதான்.

2001இல் மேலூர் வட்டாரத்தில் ஒரு முயற்சி நடந்தது. சென்னை ஐஐடியில் உருவான கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தால் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். அங்கே வெப்கேமில் கண்ணைப் படமெடுத்து அரவிந்துக்கு அனுப்பினார்கள். வேகம் வினாடிக்கு 70 கிலோபிட் வரைதான். படம் போகும். டாக்டரும் நோயாளியும் முகம் பார்த்துச் சரளமாகப் பேச அது போதாது.

அடுத்த சில ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் ப்ரூவரின் குழு அரவிந்தோடு கைகோத்தது. வீட்டில் இருக்கும் அதே வைஃபைதான். அதைக் கோபுரங்களில் ஏற்றி, ஆன்டெனாக்களை எதிரெதிரே திருப்பி, தேனி மருத்துவமனையைச் சுற்றியுள்ள ஊர்களின் பார்வை மையங்களோடு இணைத்தார்கள்.

சிக்கல் வைஃபையின் சுபாவத்தில் இருந்தது. ஒரு துண்டுத் தகவலை அனுப்பிவிட்டு 'வந்துடுச்சு' என்ற பதிலுக்காக அது மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் காத்திருக்கும். ஒரு கிலோமீட்டரைக் கடக்க அலைக்கு 3.3 மைக்ரோ விநாடி ஆகிறது. தூரம் கூடினால் பதில் வந்து சேரும் முன்பே பொறுமை இழந்து, அனுப்பியதையே திரும்ப அனுப்பும். இந்தக் குழு அதன் விதியை மாற்றியது. இரு முனைகளும் முறைவைத்துப் பேச வேண்டும், பதில்களை மொத்தமாகச் சொல்ல வேண்டும். 2007இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எனக்கு அதைவிட முக்கியம், 2008இல் அவர்கள் எழுதிய இன்னொரு கட்டுரை. வலையை அடிக்கடி சாய்த்தது அலைகளின் பிரச்சினை அல்ல, கரன்ட். தாறுமாறான மின்னழுத்தம் கருவிகளைக் கொன்றது. அமெரிக்காவிலிருந்து ஒவ்வொரு தடவையும் ஆள் வர முடியுமா? உள்ளூர் ஊழியர்களே பழுதைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் வலை நிலைத்தது.

மையத்தில் பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கண்ணைச் சோதிப்பார். தேனியிலிருக்கும் டாக்டர் திரையில் பேசுவார். அறுவை சிகிச்சை போன்ற தேவை இருப்பவர்கள் மட்டும் பஸ் ஏறினால் போதும். நாங்கள் சர்வர் எத்தனை சதவீத நேரம் ஓடியது என்று கணக்கெடுப்போம். இந்த வலையை மதிப்பிட வேறு கணக்கு வேண்டும்: எத்தனை பேர் அன்றைய கூலியை இழக்காமல் வீடு திரும்பினார்கள்?