நுரைப்பஞ்சின் வரலாறு

காரிமங்கலத்து நண்பர் ஒருவர் தம் முதல் பேஸ் கிதாரை விற்றுவிட எண்ணியிருந்தார். மலிவு வாத்தியம்; ஒலி கணகணக்கிறது; நல்லதொன்று வாங்கும்வரை வாசிப்பையே நிறுத்திவிடலாம் என்பது அவர் முடிவு. அவருக்குச் சொன்னதை இங்கும் எழுதி வைக்கிறோம்.

பேஸ் கிதாரைப் பரவலாக்கியது 1951இல் வெளிவந்த லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ். பிரிட்ஜை மூடிய உலோகத் தகட்டின் உட்புறம், கம்பிகளின் ரீங்காரத்தை அடக்க ஃபெண்டர் வைத்தது வெறும் நுரைப்பஞ்சுத் துண்டு! அறுபதுகளில் டெட்ராய்ட்டின் மோடவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அப்பஞ்சை அகற்றவில்லை. பட்டைக்கம்பி சுற்றிய வழவழப்பான தடித்த தந்திகளை, அறுந்தாலொழிய அவர் மாற்றியதுமில்லை. மீட்டுவதற்குச் சுட்டுவிரல் ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது. கணகணப்பு நீங்கிய அந்த உருண்ட நாதத்தின் ரகசியத்தில் பாதி இவ்வளவுதான், மீதி அவ்விரல்.

1961இல் ஹாம்பர்க்கில் பால் மெக்கார்ட்னி ஹோஃப்னர் பேஸைத் தேர்ந்ததற்கும் விலைமலிவு ஒரு காரணம். நம் தலைமுறைக்கோ, 1976இல் 'அன்னக்கிளி'யோடு வந்த இளையராஜாவின் பாடல்களில்தான் பேஸ் தனிக்குரலாகக் கேட்கத் தொடங்கிற்று. நண்பரின் ஆசையும் அங்கே பிறந்ததே.

பட்டைத் தந்தி சற்று விலைதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கழுத்தின் வளைவையும் கம்பியின் உயரத்தையும் தேர்ந்தவரிடம் கொடுத்துச் சீராக்கிக்கொள்ளலாம். பஞ்சுக்குச் செலவே இல்லை: பிரிட்ஜை ஒட்டிக் கம்பிகளுக்கடியில் செருகினால் போதும்.

நண்பர் அன்றிரவே செருகிப் பார்த்தார். பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் பாதியைக் காணோமென்று மறுநாள் வீட்டில் விசாரணை நடந்ததாம்.