பதினெட்டு வயசும் ஆயிரம் சிசியும்

அக்கா பையனுக்கு 18 முடிஞ்சு லைசென்ஸும் வந்தாச்சு. "மாமா, இன்சூரன்ஸ் கம்மியா வர்ற பழைய கார் ஒண்ணு சொல்லுங்க"ன்னு நச்சரிக்கிறான். பதில் சொல்லணும்னா கொஞ்சம் வரலாறு பேசணும் மக்களே.

வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டாயம்னு நம்ம நாட்டுல எழுதி வச்சது 1939 மோட்டார் வாகனச் சட்டம். அந்தப் பகுதி அமலுக்கு வந்தது 1946ல். அது கார் வச்சிருக்கிறவரைக் காப்பாத்த வந்ததில்லை. கார் இடிச்சு அடிபடுறவருக்கு நஷ்டஈடு கிடைக்கணும்னு வந்தது. தேர்ட் பார்ட்டிங்கிறது அவர்தான். அந்த நஷ்டஈட்டுக்கு அப்போ உச்சவரம்பு உண்டு. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் இருந்த வரம்பை 1988 சட்டம் எடுத்துடுச்சு.

இங்கிலாந்துல 17 வயசுப் பையன்னாலே பிரீமியம் எகிறும். இங்கே தேர்ட் பார்ட்டிக்கு ஓட்டுறவர் வயசு கணக்கில்லை, எஞ்சின் சிசிதான் கணக்கு. 2022 மத்திய அரசு அறிவிப்புல 1000 சிசி வரை வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416, அதுக்கு மேல 7,897 (வரி தனி). நம்ம வண்டி டேமேஜுக்கான பிரீமியம் மட்டும் 2007ல இருந்து கம்பெனிங்க கையில. 1983ல வந்த மாருதி 800க்கு 796 சிசி, ஆல்ட்டோ 800க்கும் அதே. ரெண்டுமே முதல் படி. என் ஓட்டு ஆல்ட்டோவுக்கு.

ஆனா பிரீமியம் வயசைப் பார்க்கலேன்னாலும் சட்டம் பார்க்கும். 18 ஆகாத பிள்ளை கார் ஓட்டி மாட்டினா, 2019 திருத்தப்படி பெத்தவருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருஷம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். விபத்துன்னா, இன்சூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்த பணத்தை வண்டிக்காரர்கிட்டயே வசூல் பண்ணலாம். உச்சவரம்பு இல்லாத நஷ்டஈடு, வீட்டை வித்தாலும் தீராது. அவன் தம்பிக்கு வயசு 16. சாவி யார் கையில இருக்கணும்னு அக்காகிட்ட சொல்லியாச்சு.

நீங்க என்ன சொல்றீங்க?