அக்ரா நகரின் பத்திரிகை வழக்கு

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா நாடு முன்னாளில் தங்கக் கரை என வழங்கிற்று. அங்கே அக்ரா நகரில் 1857-ஆம் ஆண்டு சார்ல்ஸ் பானர்மன் தொடங்கிய செய்தித்தாள் கையாலேயே எழுதப்பெற்றது என்றால் நமக்கு வியப்பாக இருக்கும்.

1936-இல், அதே நகரின் 'ஆப்பிரிக்கன் மார்னிங் போஸ்ட்' ஏட்டில் வாலஸ் ஜான்சன் ஒரு கட்டுரை வரைந்தார். ஐரோப்பியரின் சமயப் பேச்சுக்கும் ஆட்சி முறைக்கும் உள்ள முரணை அது சாடிற்று. உடனே இராஜத்துரோக வழக்குப் பிறந்தது. கேசரிக் கட்டுரைகளுக்காக 1908-இல் திலகர் மீது சாட்டப்பட்ட குற்றமும் இதுவேயன்றோ! எழுதியவருக்கு அபராதம், ஆசிரியர் நம்டி அசிகிவேக்குச் சிறை.

மேல்முறையீட்டில் அசிகிவே விடுதலை பெற்றார். எழுத்துரிமையை மதித்து அன்று. அவ்விதழ் வெளியான நாளில் அவரே ஆசிரியர் என்பதை அரசுத் தரப்பு மெய்ப்பிக்கவில்லை, அவ்வளவே. 1937-இல் லாகோஸ் சென்று 'வெஸ்ட் ஆப்பிரிக்கன் பைலட்' நாளேட்டைத் தொடங்கிய அவர், 1963-இல் நைஜீரியக் குடியரசின் முதல் தலைவரானார்.

வாலஸ் ஜான்சனோ இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றும் தோற்றார். அங்குள்ள சட்டப்படி, வன்முறையைத் தூண்டாத எழுத்தும் இராஜத்துரோகமாகலாம் என்றனர் நீதிபதிகள். 1947-இல் பம்பாயிலிருந்து சென்ற ஒரு வழக்கில் அக்கருத்தையே நமக்கும் பொருத்தினர். 1962-இல் கேதார் நாத் சிங் வழக்கில் நமது உச்ச நீதிமன்றம் அதனை ஏற்க மறுத்தது.