வாதநெறியும் இடலாக்குடிப் பாவலரும்

மெய்ப்பொருளை நாடுவோர் பிறரொடு சொல்லாடாதிருத்தல் இயலாது. தாம் கண்டதனைப் பிறர்க்கு உரைத்தலும், பிறர் கண்டதனைத் தாம் கேட்டு ஆராய்தலும் அறிவு வளர்தற்குரிய இரண்டு வாயில்களாம். ஆயினும், சொல்லாடல் அனைத்தும் மெய்யறிவிற்குத் துணையாவதில்லை. அதுபற்றியன்றோ நம் தருக்க நூலார் அதனை வாதம், செற்பம், விதண்டை என மூவகைப்படுத்தினர்? உண்மை துணிதலே பயனாக இருவர் உரையாடுவது வாதம். வெற்றி ஒன்றே பயனாக உரையாடுவது செற்பம். தனக்கென ஒரு கொள்கையும் நாட்டாது பிறன் கொள்கையைச் சிதைத்தலே தொழிலாக உடையது விதண்டை. இம்மூன்றனுள் முன்னையது ஒன்றே சான்றோர் கைக்கொள்ளற்பாலது.

இக்காலத்தில் ஒருவன் தன் இல்லத்திருந்தபடியே, ஊரும் பேரும் முகமும் அறியாத பல்லாயிரவரோடு அரசியலும் சமயமும் குலவழக்கும் பற்றி வழக்காடுதல் எளிதாயிற்று. சைவநன்மக்களும் அவ்வழக்கினுட் புகுகின்றனர். புகுதல் குற்றமன்று, ஆனால் வாதமாகத் தொடங்குவது ஒருநாளைக்குள் விதண்டையாய் இழிந்து, மறுநாள் வெறும் வசையாய் முடிதலைக் கண்டு உள்ளம் நோகின்றோம். இந்நோய் இன்று தோன்றியதன்று. சென்ற நூற்றாண்டுகளிலும் நம் வீட்டகத்தே இது தோன்றி வருத்தியதுண்டு. அவ்வரலாற்றையும், அப்போரினுட் புகுந்து புகழெய்திய நாஞ்சினாட்டுப் புலவர் ஒருவரது பெருமையையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் நம் முன்னோர் வகுத்த நெறி யாதென நோக்குதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரை இரு கூறாக்கினார். பிறர் கொள்கையைக் கூறி மறுப்பது பரபக்கம். தம் கொள்கையை நாட்டுவது சுபக்கம். பரபக்கத்துள் உலகாயதர் முதற் பாஞ்சராத்திரிகள் ஈறாகப் பதினால்வர் கொள்கைகள் ஆராயப்படுகின்றன. பௌத்தரையும் ஒரே தொகுதியாக்கி ஒழித்துவிடாது, அவருள் நால்வகையினரையும் வேறுவேறு பிரித்து உரைத்தார் ஆசிரியர். ஒவ்வொருவர்க்கும் முதலில் அவர்தம் மதத்தை அவரே நின்று பேசுமாறுபோலக் கூறுதலும், அதன்பின்னரே மறுதலை உரைத்தலும் அவர் முறை. உமாபதி சிவாசாரியர் கி. பி. 1313-இல் இயற்றிய நூலும் சங்கற்ப நிராகரணம் என்னும் பெயரினாலேயே இம்முறையை உணர்த்தாநின்றது. சங்கற்பம் பிறன் கோளைக் கூறுதல். நிராகரணம் அதனை மறுத்தல். முன்னதில்லாது பின்னது நிகழ்தற்கு அவர் இடந்தரவில்லை.

இவ்வருணந்தி சிவாசாரியர்தாமும் வினவ வந்து மாணவரானவர் என்பது நம் பரம்பரைச் செய்தி. தம்மினும் மிக இளையரான மெய்கண்டாரை அணுகி, ஆணவமலத்தின் நிலை யாதென வினவ, அவ்வாறு வினவி நிற்கும் நிலையே அதுவெனக் குறிப்பால் உணர்த்தப்பெற்று, அடிபணிந்து மாணவரானார் என்ப. வாதத்திற் றோற்றமையால் ஒருவர் சந்தானாசாரியருள் ஒருவரானார் என்பது நாம் நினைந்து போற்றத்தக்கது. தோல்வியை இழிவெனக் கருதும் மனத்திற்கு இவ்வரலாறு விளங்காது.

இனி, பிறசமயத்தார் நூலைக் கற்பதிலும் நம்மவர் நாணவில்லை. நன்னூல் செய்த பவணந்தியார் சமணமுனிவர். அந்நூலுக்கு விருத்தியுரை கண்டவர் சைவராகிய சங்கரநமச்சிவாயர்; அதனைத் திருத்திச் செப்பஞ்செய்தவர் மாதவச் சிவஞானமுனிவர். சமணக் கொள்கையை மறுக்கும் சித்தியாரைப் போற்றிய மரபினரே சமணர் செய்த இலக்கணத்தையும் தலைமேற் கொண்டனர். கொள்கையை மறுத்தல் வேறு, அதனையுடையாரை இகழ்தல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இத்துணைச் சிறந்த நெறியுடைய நம்மிடையே அது தளர்ந்தது எப்பொழுது, எவ்வாற்றான் எனின், கூறுதும். முன்னாளில் வாதம் அவைக்களத்தே நிகழ்ந்தது. வாதிப்பார் இருவரும் ஒருவரையொருவர் முகம் நோக்கியிருந்தனர். நடுநின்று கேட்பாரும் இருந்தனர். நாணமும் அச்சமும் நாவிற்குக் காவலாய் நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சுப்பொறி பரவிய பின்னர், ஒருவர் தம் அறையிலிருந்து எழுதியதனை எங்கோ ஓர் ஊரிலிருப்பார் படித்து, தாமும் தம் அறையிலிருந்து மறுத்தெழுதும் வழக்கம் வந்தது. கண்டனம், கண்டனகண்டனம், மறுப்பு, மறுப்பின் மறுப்பு எனச் சிறு நூல்கள் பெருகின. தம் பெயரை மறைத்து மாணாக்கர் பெயராலும் நண்பர் பெயராலும் வெளியிடுதலும் நிகழ்ந்தது. முகம் மறைந்தவிடத்து நாணமும் மறைந்தது.

இவற்றுள் தலையாயது அருட்பா மருட்பாப் போர். இராமலிங்க சுவாமிகள் பாடல்களுள் முதல் நான்கு திருமுறைகளைத் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் திருவருட்பா என்னும் பெயரால் வெளியிட்டனர். அருட்பா என்னும் பெயர் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்பவற்றிற்கே உரியது, பிற்காலத்தார் பாடலுக்கு அதனையும் திருமுறை என்னும் பெயரையும் இடுதல் தகாது என்பது யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் கருத்து. திருவருள் எக்காலத்தும் பாடுவிக்கும், அதற்குக் காலவரையறை கூறுதல் ஒவ்வாது என்பது மற்றையோர் கருத்து. நோக்குமிடத்து இஃது ஆராய்ச்சிக்குரிய நல்லதொரு வினாவேயாம். திருமுறைகளின் தனிச்சிறப்பைக் காத்தலும், திருவருளின் வற்றாமையைப் போற்றுதலும் சைவர்க்கு ஒருங்கே உரிய கடமைகளன்றோ? முறையாக வாதித்திருப்பின் இருசாராரும் ஒரு துணிபிற்கு வந்திருத்தலும் கூடும்.

நிகழ்ந்ததோ வேறு. மாவண்டூர்த் தியாகேச முதலியார் பெயரால் போலியருட்பா மறுப்பு வெளிவந்தது. அதனை எழுதினார் நாவலரே என்பர் பலர். அதற்கு எதிர்நூல்கள் எழுந்தன. பாட்டைப் பற்றிய வழக்கு பாடினாரைப் பற்றியதாயிற்று, மறுத்தாரைப் பற்றியதாயிற்று, முடிவில் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படியும் ஏறிற்று. சுவாமிகள் 1874-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் திருவறை புகுந்தனர். நாவலர் 1879-இல் இறைவனடி எய்தினர். இருவரும் மறைந்த பின்னரும் போர் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நாவலர் மரபினைத் தாங்கிய மேலைப்புலோலி நா. கதிரைவேற் பிள்ளை மருட்பாக் கட்சிக்குத் தலைநின்றார். பின்னாளில் மறைமலையடிகள் எனப் புகழ்பெற்ற நாகை வேதாசலம் பிள்ளை அருட்பாக் கட்சியில் நின்றார். 1904-இற் சென்னை நீதிமன்றத்திலும் வழக்கு ஏறிற்று. அக்காலத்துக் கண்டன நூல்களை ப. சரவணன் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டிருக்கின்றார். அதனைப் புரட்டுவார்க்கு, பெரும்புலவர் கைகளிலிருந்து எத்துணைக் கொடுஞ்சொற்கள் பிறந்தன என்பது வியப்பையும் துயரையும் ஒருங்கே விளைக்கும்.

இப்போரினுட்டான் நாஞ்சினாட்டு இடலாக்குடியினின்றும் வந்த இசுலாமியப் புலவர் ஒருவர் புகுந்தார். அவரே சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர்.

நாகர்கோயிலிலிருந்து சுசீந்திரம் செல்லும் நெறியில் கோட்டாற்றை அடுத்துள்ளது இடலாக்குடி. ஒருபால் தாணுமாலயப் பெருமான் எழுந்தருளிய சுசீந்திரம். ஒருபால் கோட்டாற்றுச் சவேரியார் கோயில். சமணர் சிற்பங்கள் இன்றும் தூண்களில் விளங்கும் நாகராசர் கோயிலும் அணித்தே. பல சமயத்தாரும் ஒரே ஆற்றுநீர் உண்டு வாழும் இந்நாட்டில், வள்ளலார் மறைந்த அதே 1874-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் பாவலர் பிறந்தார். அந்நாளில் நாஞ்சினாடு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்தது. அவர் தமிழ் கற்றது கோட்டாற்றுச் சங்கரநாராயண அண்ணாவியாரிடத்து. சைவ வைணவ நூல்களும் இலக்கண இலக்கியங்களும் அங்ஙனம் அவர் உளத்தே பதிந்தன. பின்னர்ச் சென்னை சென்று பதிப்புப்பணி செய்தார். சீறாப்புராணத்திற்கு உரையும் வகுத்தார். தம் சமயத்தில் உறுதியாக நின்றவர் அவர் என்பதற்கு அவ்வுரையே சான்று.

அருட்பாப் போரில் அவர் வள்ளலார் பக்கம் நின்று மேடைகளிற் பேசினார். காஞ்சிபுரத்தில் அவரை யானைமேல் ஏற்றிச் சிறப்பித்தனர் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். சைவர்க்குள் எழுந்த வழக்கில் ஒரு முகமதியர்க்கு இடம் யாது என வினவியோரும் இருந்திருத்தல் கூடும். ஆனால், உள்நின்றார் சினத்தால் மயங்கியபோது, புறநின்று வந்தவர் நம் நூல்களை நம்மவர்போற் கற்று வந்தனர் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. ஒரு வழக்கினுட் புகுதற்கு உரிமை தருவது பிறப்பன்று. அவ்வழக்கிற்குரிய நூல்களைக் கற்றுத் தெளிந்தமையே என்க.

இனி, சதாவதானம் என்பதன் பொருளை ஆராய்வாம். அவதானமாவது கருத்தூன்றிக் கேட்டல். ஒருவர் முதுகில் எறியும் கற்களை எண்ணியும், ஒலிக்கும் மணியை எண்ணியும், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா முடித்தும், கணக்கிற்கு விடை கூறியும், இங்ஙனம் நூறு செயல்களில் ஒருங்கே நினைவு தளராது நிற்றல் சதாவதானம். 1907-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் பாவலர் இதனை நிகழ்த்திப் புகழ் பெற்றார். அவர்க்கு எதிர்நின்ற கதிரைவேற் பிள்ளையும் சதாவதானி என்னும் பட்டம் பூண்டவரே. கேட்டலிற் பழகிய இருபெரும் புலவர் எதிரெதிர் நின்ற போர் அது.

பாவலரைப் பற்றி இன்றும் நாஞ்சினாட்டார் சொல்லும் செய்தி ஒன்றுண்டு. அவதான அவையில் ஒருவர், துருக்கனுக்கு இராமன் துணை என்னும் பொருள்பட ஈற்றடி கொடுத்து வெண்பா முடிக்குமாறு கேட்டனராம். இசுலாமியரை நெருக்குதற்கென்றே கொடுத்த அடி அது. பாவலர் சினந்திலர், அவையை விட்டு எழுந்திலர், கேட்டவரை இகழ்ந்திலர். அவ்வடிக்கு முன்னர்ச் 'சத்' என்னும் ஓரசையைக் கூட்டினார். துருக்கன் சத்துருக்கனாயினான், பரத இலக்குவரோடு சேர்ந்தான், இராமன் தம்பியர்க்குத் துணையென வெண்பா முடிந்தது. கொடுத்தவர் சொல்லில் ஓரெழுத்தும் சிதையவில்லை. தம் கொள்கையும் வழுவவில்லை. கேட்டவரும் அவையும் ஒருங்கே மகிழ்ந்தனர். எதிரி கையிலிருந்து வந்த சொல்லைச் சிதையாது வாங்கி, அதன்கண் மறைந்திருந்த நற்பொருளை விளக்கிக் காட்டுதலே சிறந்த மறுமொழி என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாம்.

பாவலர் நாட்டு விடுதலை இயக்கத்தினும் ஈடுபட்டு, கதருடுத்து மேடைகளிற் பேசினார். 1950-ஆம் ஆண்டு பிப்பிரவரி 13-ஆம் நாள் மறைந்தார். இந்திய அரசு 2008-இல் அவர்க்கு அஞ்சல்தலை வெளியிட்டது. இடலாக்குடியில் நினைவு மண்டபமும் உண்டு.

அப்போரின் முடிவு யாது என வினவின், நீதிமன்றங்கள் அதனை முடிக்கவில்லை, காலமே முடித்தது. கதிரைவேற் பிள்ளையின் அன்பு மாணாக்கர் திரு. வி. கலியாணசுந்தர முதலியார். இளமையில் ஆசிரியர் பக்கம் நின்ற அவர், பிற்காலத்தில் அருட்பாவைத் தாமே ஆழ்ந்து கற்று, இராமலிங்க சுவாமிகள் திருவுள்ளம் என்னும் நூலியற்றிச் சுவாமிகளைப் போற்றினார். ஆசிரியரிடத்து வைத்த அன்பும் குறையவில்லை. கண்டனங்களால் மாறாத உள்ளம் கற்றலால் மாறிற்று. இன்று சைவர் இல்லங்களில் நாவலர் பதிப்பித்த நூல்களும் திருவருட்பாவும் ஒரே பேழையில் உறங்குகின்றன. அவர் பொருட்டு ஒருவரையொருவர் வைதாரின் வசைமொழிகளை மட்டும் எவரும் பாராயணம் செய்வதில்லை.

ஆதலின், முகமறியாதாரோடு வழக்காடப் புகும் சைவநன்மக்கள் மூன்றனைத் தம்முள் வினவிக்கொள்ளுதல் நன்று. எதிரி கூறியதனை அவர் ஒப்புமாறு யான் எடுத்துரைக்க வல்லேனோ? மறுப்பது அவர் கொள்கையையோ, அவர் குலத்தையும் ஊரையும் ஒழுக்கத்தையுமோ? அவரை நேரிற் காணின் இச்சொல்லை என் நா சொல்லத் துணியுமோ? முதல் வினாவிற்கு ஆம் என்று விடை வாராதவன் இன்னும் பரபக்கம் கற்கவில்லை. அவன் சுபக்கம் கூறுதல் எங்ஙனம்? மற்றையிரண்டிற்கும் உள்ளம் கூசுமாயின், எழுதாதிருத்தலே சிவப்பணியாம்.

எவ்வுயிர்க்கும் உயிராய் நிற்பவன் சிவபெருமான் என்பது நம் சித்தாந்தம். அங்ஙனமாயின், நாம் முகமறியாது வைகின்ற அவ்வுயிரினுள்ளும் அவன் நிற்கின்றான். வசை சென்று சேர்வது யாரிடத்து என்பதனைச் சிந்திப்பார் சிந்திப்பாராக. இடலாக்குடிப் பாவலர் ஓரசை கூட்டிப் பகையை உறவாக்கியவாறு, நம் நாவும் எழுத்தும் கூட்டுவனவாக, பிரிப்பன ஆகாதிருக்கத் திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்.