பரிகாரக் கற்பித்தல் (மன்னார் மாவட்டம்)

பரிகாரக் கற்பித்தல் என்பது, வகுப்பேறிய பின்னும் முந்திய தரத்துத் தேர்ச்சி கைவராத மாணவருக்கு, விடுபட்ட படியிலிருந்தே மீளக் கற்பிப்பது. இலங்கையின் ஆரம்பக் கல்வி தரம் 1–2, 3–4, 5 என மூன்று முதன்மை நிலைகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் குறிக்கப்பட்டுள்ளன. பரிகாரம் தொடங்க வேண்டிய இடம் இந்த ஆரம்ப நிலைகளே. ஆனால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போதுதான் பலருக்கும் அதன் நினைவு வருகிறது.

மன்னாரில் இத்தேவையின் வேர் இடப்பெயர்வில் இருக்கிறது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி, முசலிப் பிள்ளைகள் புத்தளத்து முகாம்களில் படிப்பைத் தொடர வேண்டியதாயிற்று. 2007–2009 போரில் மாந்தை மேற்கு, மடுக் குடும்பங்கள் பல வன்னிக்குள் அடுத்தடுத்து இடம்பெயர்ந்து, இறுதியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை அடைந்தன. அக்காலத்தில் தேசிய கல்வி நிறுவகம், யுனிசெப் ஆதரவுடன், சுருக்கிய பாடத்திட்டத்தில் விரைவுக் கற்றலை ஏற்படுத்தியது. சில மாத இழப்புக்கு அது நல்ல மருந்து. ஆண்டுக்கணக்கான இழப்புக்குப் போதாது. போர் ஓய்ந்தபின், பேசாலை, வங்காலை போன்ற கரையூர்களில் கடல்தொழிலும் பையன்களை வகுப்பிலிருந்து இழுக்கிறது.

இடைவெளி எங்கே என்பதை விடைத்தாளே காட்டிவிடும். 5/8 + 1/4 என்ற கணக்குக்கு 6/12 என எழுதும் தரம் 10 மாணவர், தொகுதியைத் தொகுதியோடும் பகுதியைப் பகுதியோடும் கூட்டியிருக்கிறார். விடை, கூட்டத் தொடங்கிய 5/8ஐ விடவே சிறியது என்பது அவருக்குப் படவில்லை. இவரிடம் கடந்தகால வினாத்தாள்களை அடுக்கிப் பயனில்லை. ஒரு தாளை எட்டாக மடித்து, காற்பங்கில் இரண்டு எட்டிலொன்று அடங்குவதைக் கையால் தொட வைக்க வேண்டும்.

உயர்தரத்துக்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடச் சித்தி தேவை. 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வி, சித்தியடையாதோருக்கும் தொழிற்பாடங்களைத் திறந்தது. அங்கும் அளவு எடுக்கப் பின்னம் வேண்டும். ஆனால் பரிகாரத்தைத் தனிப் பாடமாகப் பிரித்து வைத்தால் பயன் குறையும்: அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் பரிகாரப் பாடங்களிலேயே தங்கிப் பலர் விலகியதால், டென்னசி 2015இலும் கலிபோர்னியா 2017ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் முதன்மைப் பாடத்தோடு துணை வகுப்பை இணைக்கும் வழிக்கு மாறின. மன்னாருக்கும் அதுவே பொருந்தும்.

பரிகார வகுப்பைப் பாடசாலை நேரசூசிக்குள் வையுங்கள். மாலையில் வைத்தால், கடைசி பஸ்ஸை நம்பியிருக்கும் பிள்ளை வராது. அந்த வகுப்பு யாருக்காக வைக்கப்பட்டதோ, பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான் அது.